பிசானம் பிழைக்க முதலில் எதில் கை வைப்பது?

கோயில் கொடைக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள் வரிக்கணக்கு முடிந்த கையோடு இப்போது இன்னொரு பேச்சையும் எடுக்கிறார்கள். ஊர் விவசாயம் நம் கண் முன்னாலேயே தேய்ந்துகொண்டு போகிறதே, அதைக் காப்பாற்ற நாலு காசு போடலாமா என்று கேட்கிறார்கள். போடலாம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எதில் போடுவது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. தாமிரபரணிப் பாசனம் முழுவதையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்ற மனுப் போட வேண்டும் என்கிறார் ஒருவர். நாட்டு நெல் விதையைச் சேர்ப்போம் என்கிறார் இன்னொருவர். புவிசார் குறியீடு வாங்கி நல்ல விலைக்கு விற்போம் என்று ஒரு கட்சி, டெல்டாவுக்குப் போட்ட சட்டத்தை நமக்கும் கேட்போம் என்று ஒரு கட்சி. ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், "எய்யா, முதல்ல மடையச் சரி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்.

இந்த ஐந்து வழிகளும் உலகத்தில் வெவ்வேறு ஊர்களில் நடந்து பார்க்கப்பட்டவை. எங்கே எது கைகொடுத்தது, எது பாதியில் நின்றது என்று வைத்துப் பார்த்தால் நமக்கு ஒரு வரிசை கிடைக்கும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரியவர் சொன்னதுதான் சரி. ஆனால் மடையோடு மட்டும் நின்றால் போதாது.

நம் கையில் இருப்பது என்ன என்பதை முதலில் பார்ப்போம். பொதிகையில் பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடி, தமிழ்நாட்டுக்குள்ளேயே கடலில் சேருகிற ஆறு தாமிரபரணி. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று 8 அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து 11 கால்வாய்கள், வழியில் 186 குளங்கள், மொத்தம் 86,107 ஏக்கர் நஞ்சை. தென்மேற்குப் பருவத்தில் கார் என்ற நெல் போகம், வடகிழக்குப் பருவத்தில் பிசானம் என்ற நெல் போகம். கடைசியாக வந்த ஸ்ரீவைகுண்டம்கூட 1873-இல் கட்டி முடித்தது. மற்ற ஏழும் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே இருந்தவை. சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று காலம் கணித்து 2021-இல் அறிவித்தார்கள். இந்த ஆற்றங்கரைக்காரர்கள் மூவாயிரம் ஆண்டுக்கு மேலாக நெல்லோடு வாழ்கிறார்கள்.

கன்னடியன் கால்வாய் வெட்டிய கதை சேரன்மகாதேவி, பத்தமடைப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். கன்னட தேசத்தில் இருந்து வந்த ஒரு பிராமணர் தமக்குக் கிடைத்த செல்வத்தை எல்லாம் தண்ணீர்த் தருமத்துக்கே கொடுத்தாராம். ஒரு பசுவை முன்னே போகவிட்டு அது நடந்த வழியே கால்வாய் வெட்டினாராம். அது கோமியம் விட்ட இடத்தில் மடை, படுத்த இடத்தில் குளம். கதை என்று தள்ளிவிட வேண்டாம். மேட்டில் ஏறாமல், பள்ளத்தில் விழாமல், நிலத்தின் சாய்வோடு போவதற்கு மாட்டின் நடை நல்ல வழிகாட்டி. இன்றைக்கும் சுமார் 12,500 ஏக்கர் அந்தக் கால்வாயை நம்பி இருக்கிறது. ஆக, நாம் காக்க வேண்டியதில் நெல்லும் உண்டு, கல்லும் உண்டு, தண்ணீரைப் பங்கு வைக்கும் முறையும் உண்டு. ஒவ்வொரு வழியும் இவற்றில் எதைக் காக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதுதான் என் அளவுகோல்.

பட்டத்தில் இருந்து தொடங்குவோம். ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் 2002-இல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டின்போது உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் பாரம்பரிய முறைகளுக்கென்று ஒரு திட்டம் தொடங்கியது. உணவும் பிழைப்பும், பயிர் உயிர்வளம், வழிவழியான அறிவு, பண்பாடும் சமூக அமைப்பும், நில அமைப்பு என்று ஐந்தைப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள். இந்தியாவில் இதுவரை மூன்று இடங்கள்தான்: காஷ்மீரின் குங்குமப்பூ, ஒடிசாவின் கோராபுட், கேரளத்தின் குட்டநாடு. தகுதி என்று பார்த்தால் தாமிரபரணி இவற்றில் எதற்கும் குறைந்தது இல்லை. மனம் வைத்துத் தயாரித்தால் அந்த ஐந்துக்கும் நம்மிடம் பதில் இருக்கிறது.

ஆனால் இந்தப் பட்டத்தோடு பணம் வராது. மனுவும் ஊரில் இருந்து நேராகப் போக முடியாது, மத்திய அரசு வழியாகத்தான் போக வேண்டும். வந்தபிறகு என்ன ஆகும் என்பதற்குக் குட்டநாடே சாட்சி. கடல் மட்டத்துக்குக் கீழே வரப்புக் கட்டி, தண்ணீரை இறைத்து வெளியேற்றி நெல் விளைவிக்கும் அருமையான முறை அது. 2013-இல் பட்டம் வந்தது. 2018 வெள்ளத்தில் பாடசேகரங்கள் என்ற அந்த வயல் தொகுதிகளின் கரைகள் உடைந்தபோது அந்தப் பட்டத்தால் ஒரு கூடை மண் போட முடியவில்லை. பிலிப்பைன்ஸின் இஃபுகாவோ மலை அடுக்கு வயல்களை யுனெஸ்கோ 1995-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது. ஆறே வருடத்தில், 2001-இல், அழியும் ஆபத்தில் உள்ள சின்னங்களின் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டி வந்தது. பிள்ளைகள் படித்து நகரத்துக்குப் போய்விட்டார்கள், கல்வரப்பு சரிந்தால் எடுத்துக் கட்ட ஆள் இல்லை. 2012-இல்தான் அந்த ஆபத்துப் பட்டியலில் இருந்து வெளியே வந்தது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு 2023 நவம்பரில் சர்வதேச பாசன வடிகால் ஆணையம் உலகப் பாரம்பரியப் பாசனக் கட்டமைப்பு என்ற பெருமையைக் கொடுத்தது. அடுத்த மாதமே, டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஆற்றில் வந்த வெள்ளத்திலும் மேட்டு மழையிலும் குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் வாழையும் நெல்லும் மணலுக்கு அடியில் போயின. பட்டம் கொடுத்தவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. பட்டம் பெருமையைத் தருகிறது, வெளியூர்க்காரர் கண்ணைத் திருப்புகிறது. கரையைக் காப்பது அதன் வேலை இல்லை. வெள்ளம் வரும் நாளில், மிகுதித் தண்ணீரை வெளியே விடும் மறுகாலில் பலகையைக் கழற்ற ஆள் இருக்கிறாரா என்பதுதான் கரைக்கு முக்கியம்.

ஒன்றுக்காக மட்டும் இந்த வழி எனக்குப் பிடிக்கும். மனு எழுத வேண்டுமானால் ஊரில் உள்ளதை எல்லாம் எழுதி வைத்தாக வேண்டும். எந்த மடை எந்தப் பத்துக்கு, அதாவது எந்த வயல் தொகுதிக்கு, தண்ணீர் தருகிறது, தண்ணீர் குறைந்தால் யாருக்கு முதல் முறை, எந்த வாய்க்காலை எந்த ஊர் வாரும் என்பதெல்லாம் இன்றைக்கு எழுபது வயதைத் தாண்டியவர்கள் தலையில்தான் இருக்கிறது. பட்டம் வருகிறதோ இல்லையோ, இந்த எழுத்து வேலையை இந்த வருடமே தொடங்கலாம். ஒரு நோட்டும், கைபேசியும், பொறுமையாகக் கேட்கத் தெரிந்த இரண்டு பிள்ளைகளும் போதும்.

அடுத்து விதை. இதில் நம் சீமைக்கு ஒரு பெரிய கணக்கு இருக்கிறது, நம்மவர்களுக்கே அது தெரியாது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் என்றால் எல்லோருக்கும் அம்பை 16 நினைவுக்கு வரும். அதற்கு வெகுகாலம் முன்னால் அந்தப் பண்ணையில் உள்ளூர் நெல்லில் இருந்து தேர்ந்தெடுத்த ஏஎஸ்டி 7 என்று ஒரு ரகம் உண்டு. புகையான் பூச்சி ஆசியா முழுவதும் வயலை எரித்துக்கொண்டிருந்த காலத்தில், அதைத் தாங்கும் மரபணுக்களைத் தேடியவர்கள் 1971-இல் முதலில் கண்ட இரண்டில் ஒன்று இந்த ஏஎஸ்டி 7-இல் இருந்தது. உலகத்து நெல் விஞ்ஞானிகள் இன்றைக்கும் அந்த மரபணுவை நம் அம்பாசமுத்திரத்துப் பெயரோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள். பிறகு பூச்சியும் மாறி அந்தத் தடுப்பைத் தாண்டியது. அதனால்தான் ஒரு ரகத்தை மட்டும் நம்பி உட்கார முடியாது, பல ரகம் வேண்டும்.

விதையைக் காக்க இரண்டு பாதை. ஒன்று, குளிரில் பூட்டி வைப்பது. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவில் 2008-இல் திறந்த பெட்டகம் உலகத்து விதை வங்கிகளின் மறுபிரதியை வைத்திருக்கிறது. சிரியாவில் போர் வந்து அலெப்போ விதை வங்கிக்கு யாரும் போக முடியாமல் ஆனபோது, 2015-இல் அங்கிருந்துதான் விதையைத் திரும்ப எடுத்தார்கள். அந்தக் காப்பு அவசியம், அது அரசுகளின் வேலை. இன்னொன்று, வயலிலேயே வைத்துக் காப்பது. பெருவின் கூஸ்கோ மலையில் கெச்சுவா மக்களின் ஊர்கள் சேர்ந்து உருளைக்கிழங்குப் பூங்கா என்று ஒன்றை நடத்துகின்றன. லிமாவில் உள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தோடு 2004-இல் ஒப்பந்தம் போட்டு, எப்போதோ தங்கள் மலையில் இருந்து போன 400-க்கு மேற்பட்ட ரகங்களைத் திரும்ப வாங்கி நட்டார்கள். ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து ஊருக்கு விதை திரும்பி வந்த இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அம்பாசமுத்திரம் பக்கத்திலேயே இருக்கும்போது நாம் ஏன் கேட்கக் கூடாது?

நம் பக்கத்தில் நெல் ஜெயராமன் காட்டிய வழி இருக்கிறது. திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கிப் போனவர், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அப்படியே 170-க்கு மேற்பட்ட ரகங்களைச் சேர்த்துவிட்டுத்தான் அவர் 2018-இல் கண்ணை மூடினார். இதற்குப் பெரிய பணம் தேவை இல்லை. நெல் தன் மகரந்தத்தில் தானே கருக்கட்டும் பயிர். கதிர் வரும்போது வயலில் இறங்கிக் கலவனை, அதாவது கலந்து முளைத்த வேற்று ரகத்தை, பறித்துவிட்டால் ரகம் சுத்தமாக நிற்கும். ஆளுக்கு ஒரு மரக்கால் விதைப்பாடு ஒதுக்கினால் பத்துப் பேர் பத்து ரகத்தைக் காப்பாற்றலாம். சேமிக்கவும் நம் பெரியவர்கள் வழி வைத்திருந்தார்கள். நன்றாகக் காய்ந்த நெல்லை வைக்கோல் பிரியால் இறுக்கச் சுற்றி, மேலே சாணம் மெழுகி விதைக்கோட்டை கட்டி வைப்பார்கள். உள்ளே ஈரம் ஏறாது, விதை மூச்சு விட இடமும் இருக்கும்.

குறையையும் சொல்ல வேண்டும். நாட்டு ரகம் உயரமாக வளரும், உரம் கூடினால் சாய்ந்துவிடும், விளைச்சல் அம்பை 16-க்கு நிற்காது. குத்தகைக்கு உழுகிறவரிடம் போய் மரபைக் காக்க மூட்டையைக் குறைத்துக்கொள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. விதைப் பொறுப்பைச் சொந்த நிலமும் வேறு வருமானமும் உள்ளவர்கள் எடுக்க வேண்டும். அதில் ஊர்ப் பணம் கொஞ்சம் போகலாம். 2001-இல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் விதையை எடுத்து வைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விவசாயிக்கு உரிமை தருகிறது, பழைய ரகத்தை ஊர் பெயரில் பதியவும் வழி இருக்கிறது. மரபு ரகங்களைக் காத்த ஊர்ச் சமூகங்களுக்கு அந்தச் சட்டப்படி அமைந்த ஆணையம் 10 லட்சம் ரூபாய் விருதும் கொடுக்கிறது.

புவிசார் குறியீட்டை நான் சுருக்கமாகவே சொல்வேன். பத்தமடைப் பாய்க்கு வந்து பல ஆண்டு ஆகிவிட்டது. 2023-இல் ஆத்தூர் வெற்றிலைக்கும் உடன்குடிக் கருப்பட்டிக்கும் வந்தது. ஆத்தூர் வெற்றிலைக்குத் தாமிரபரணித் தண்ணீரும் வண்டலும்தான் காரம் கொடுக்கின்றன. ஆற்றின் கடைசியில் தண்ணீர் வந்து சேராவிட்டால் குறியீடு பேப்பரில்தான் இருக்கும். உடன்குடியில் சீனி கலந்த கருப்பட்டி சந்தைக்கு வருவதையும், பனை ஏற ஆள் குறைவதையும் குறியீடு தானாகத் தடுக்காது. பெயரைத் திருடுகிறவனைக் கேட்க ஒரு சங்கம் விழித்திருந்தால்தான் பலன். நெல்லுக்கு இது இப்போதைக்குப் பொருந்தாது.

ஆனால் பெயரை வைத்து விலை வாங்கும் வழி ஒன்று ஜப்பானில் நடக்கிறது, அதை நம் சீமையில் ஒரு ஊர் செய்யலாம். சாடோ என்ற தீவில் தோக்கி என்கிற கொண்டை அரிவாள்மூக்கன் பறவை அழிந்துபோயிருந்தது. சீனாவில் இருந்து கொண்டுவந்த பறவைகளைக் கூண்டில் பெருக்கி 2008-இல் வெளியே விட்டார்கள். அது வயலில் இரை தேட வேண்டுமே? அதனால் விவசாயிகள் ரசாயன உரத்தையும் மருந்தையும் பாதியாகக் குறைத்தார்கள். பனிக்காலத்திலும் வயலில் தண்ணீர் கட்டினார்கள், வரப்போரம் சிறு வாய்க்கால் வெட்டி மீனும் தவளையும் தங்க இடம் விட்டார்கள். வயலில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று விவசாயிகளே இறங்கிக் கணக்கெடுக்கிறார்கள். இந்த நிபந்தனைகளைக் கடைப்பிடித்த அரிசிக்குத் தோக்கியின் பெயரில் தனி முத்திரையும் கூடுதல் விலையும் கிடைக்கிறது. 2011-இல் உலகப் பட்டமும் வந்தது. முறை மாறி, விலை கிடைத்து, அதற்குப் பிறகு பட்டம் வந்தது என்ற வரிசையைக் கவனியுங்கள்.

நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்காரர்கள் தோக்கியை இழந்து திரும்பப் பெற வேண்டிய நிலையில் இல்லை. அவர்களிடம் பறவைகள் இப்போதே இருக்கின்றன. மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வீட்டு வாசல் மரத்தில் கூடு கட்டும். குஞ்சு விழுந்தால் ஊரார் எடுத்து வளர்ப்பார்கள், தீபாவளிக்கு வெடி போட மாட்டார்கள். பறவை எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலங்களின் ராம்சர் பட்டியலிலும் அந்த இடம் ஏறிவிட்டது. அந்த வயலில் மருந்தைக் குறைத்து விளைந்த அரிசியைப் பறவையின் பெயரில் விற்றால் வாங்க ஆள் இருக்கும். கூந்தன்குளத்துக்குப் பணம் போட நினைப்பவர்கள் இந்த வழியை முதலில் பார்க்கலாம். மற்ற ஊர்களுக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

சட்டத்துக்கு வருவோம். 2020-இல் தமிழ்நாடு அரசு காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக ஆக்கிச் சட்டம் கொண்டுவந்தது. தாமிரபரணி அதில் இல்லை. திருநெல்வேலியைச் சுற்றி நஞ்சை மனையாவதை யாரும் புள்ளிவிவரம் காட்டி நிரூபிக்க வேண்டியதில்லை, புறவழிச்சாலையில் ஒரு தடவை போய் வந்தால் போதும். கால்வாய் ஓரத்தில் நாலு பிளாட் விழுந்தால் அந்த நாலு வயலோடு சேதம் நிற்காது. பிளாட் போட்டவர் வாய்க்காலைத் தூர்ப்பார், அதற்குக் கீழே உள்ள பத்து முழுவதும் தண்ணீர் இல்லாமல் போகும், பிறகு அதுவும் மனையாகும்.

ஸ்பெயினின் வலென்சியா நகரம் இதற்குச் சரியான பாடம். துரியா ஆற்றில் இருந்து பிரியும் எட்டுக் கால்வாய்களின் விவசாயிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த நீதிபதிகள், வியாழக்கிழமை தோறும் பகல் 12 மணிக்குப் பெரிய தேவாலய வாசலில் உட்கார்ந்து தண்ணீர் வழக்கைத் தீர்க்கிறார்கள். வக்கீலும் இல்லை, தாள் கட்டும் இல்லை. வாய்ச்சொல்லிலேயே விசாரணை, அன்றைக்கே தீர்ப்பு. பல நூற்றாண்டாக நடக்கும் இந்த மன்றத்தை 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. ஆனால் தீர்ப்புச் சொல்ல மன்றம் இருந்தும், தண்ணீர் பாய வேண்டிய தோட்ட நிலத்தை நகரம் தின்றுகொண்டே போனது. அதனால் 2018-இல் அந்த நிலத்தைக் காக்கவே தனிச் சட்டம் போட்டார்கள். அடுத்த ஆண்டுதான் உணவு வேளாண் நிறுவனத்தின் பட்டம் வந்தது. தண்ணீரைப் பங்கு வைக்கும் முறை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நிலம் நிற்காவிட்டால் அது வேலைக்கு ஆகாது.

சட்டத்தில் ஒரு நியாயக் கேள்வி உண்டு. மகள் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் விவசாயி நம்பி இருப்பது நிலத்தின் விலையைத்தான். அதை விற்காதே என்று சட்டம் போட்டுவிட்டு நாம் நிம்மதியாக இருந்தால் பாரம் முழுவதும் அவர் தலையில். கேரளம் 2008-இல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு 2020-இல், நெல்வயலை வயலாகவே வைத்திருப்பவருக்கு ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுக்கத் தொடங்கியது. தொகை சிறியதுதான். ஆனால் வயல் மழைத் தண்ணீரைப் பிடித்து, நிலத்தடியை ஊறவைத்து, ஊருக்கே உதவுகிறது, அதற்கு ஊர் கூலி கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை ஒரு அரசு ஏற்றுக்கொண்டதே பெரிய காரியம். தாமிரபரணிக்குச் சட்டம் கேட்கிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இதற்கு ஊர்ப் பணம் உதவாது. ஊர்கள் சேர்ந்து குரல் கொடுத்தால்தான் நடக்கும்.

இனி மடை.

பழைய குளத்து மடை ஒன்றை இறங்கிப் பாருங்கள். கோடையில் தண்ணீர் வற்றியபிறகுதான் முழுசாகத் தெரியும். இரண்டு கல் தூண், அவற்றை இணைக்கும் குறுக்குக் கல், அதன் துளை வழியே இறங்கும் கம்பு, கம்பின் முனையில் அடைப்பு. கம்பை எத்தனை விரல் தூக்குகிறோமோ அவ்வளவு தண்ணீர். குமிழித் தூம்பு வைத்த இடத்தில் மேலே நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளை. மேல் துளையில் பாசனத் தண்ணீர் போகும்போதே, கீழ்த் துளை வண்டலை இழுத்து வயலுக்கு அனுப்பிவிடும். குளம் மேடாகாது, வயலுக்கும் உரம். பல நூறு வருடத்துக்கு முன்பே யோசித்துச் செய்த வேலை இது. இன்றைக்கு நிறைய மடைகளில் இருப்பது திருகு துருப்பிடித்து, கைப்பிடி காணாமல் போன இரும்பு ஷட்டர். சாக்கில் மண்ணை அள்ளி அடைத்து மறித்திருப்பார்கள். இதைச் சரி செய்ய ஆகும் செலவு, பட்டத்துக்கு ஒரு மாநாடு கூட்டும் செலவில் சிறு பங்கு.

கல்லும் இரும்பும் சுலபம், ஆள்தான் கஷ்டம். நீர்பாய்ச்சி என்றும் மடைக்குடும்பன் என்றும் நாம் சொல்கிறவரின் வேலையை வெளியூர்க்காரர்கள் மடை திறப்பது என்று நினைக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு டார்ச்சும் மண்வெட்டியுமாகப் போவார். தலைமாட்டு வயலில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துத் திரும்பிவிட முடியாது, கடைசி வரப்போரம் போய்த் தன் பாதம் நனைகிறதா என்று பார்த்துத்தான் அடுத்த வயலுக்குத் திருப்புவார். குளத்தில் இத்தனை அடி இருந்தால் இத்தனை நாள் ஓடும் என்ற கணக்கு அவரிடம் உண்டு. அறுப்பு முடிந்து களத்தில் பொலி தூற்றும்போதே அவர் பங்கை மரக்காலில் அளந்து கொடுப்பார்கள். அறுப்பு மெஷின் வந்தபிறகு நெல் வயலில் இருந்து நேராக வியாபாரியின் லாரிக்குப் போகிறது. களம் இல்லை, அதனால் களத்தில் அளக்கும் பங்கும் பல ஊர்களில் இல்லாமல் போயிற்று. அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். போனது நியாயம்தான்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாக ஒரே சமூகத்தார் செய்தார்கள். தண்ணீரைப் பற்றிய முழு அறிவும் அவர்களிடம், நிலமும் அதிகாரமும் வேறு கைகளில். மரபைக் காக்கிறோம் என்ற பெயரில் அந்த ஏற்பாட்டை அப்படியே திரும்பக் கொண்டுவர நினைத்தால் நான் அதில் சேர மாட்டேன். காக்க வேண்டியது அந்த அறிவையும், கடைமடைக்கும் பங்கு உண்டு என்ற முறையையும்தான். நீர்பாய்ச்சிக்கு மாதச் சம்பளம் வேண்டும், சங்கத்தில் ஓட்டு வேண்டும், எந்தச் சாதியில் இருந்தும் ஆள் வரலாம் என்ற நிலை வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 ஏக்கர் பாசனம் உள்ள குளத்தில் ஏக்கருக்குப் போகத்துக்கு 500 ரூபாய் என்றால் ஒரு லட்சம். பிசானம் ஐந்து மாதம் என்று வைத்தால் மாதம் 20,000 கொடுக்கலாம். முதல் இரண்டு மூன்று போகத்துக்கு ஊர்ப் பணம் இதில் பாதியை ஏற்றால், தண்ணீர் ஒழுங்காக வருவதைப் பார்த்தபிறகு விவசாயிகளே முழுதும் கொடுப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

பாலித் தீவில் சுபாக் என்ற முறை இதற்கு உலக அளவில் பெரிய சான்று. ஒரே நீர் ஆதாரத்தில் பாயும் விவசாயிகள் எல்லாம் ஒரு சுபாக். எப்போது நடவு, எப்போது வயலைத் தரிசு போடுவது என்பதை நீர்க்கோயில்களில் கூடி முடிவு செய்வார்கள். 1970-களில் அரசு, விளைச்சலைக் கூட்ட வேண்டும் என்று கோயில் நாள் பார்க்காமல் வருடம் முழுவதும் நடச் சொன்னது. வயலில் எந்நேரமும் பச்சை நின்றதால் பூச்சிக்கு இரை தீரவே இல்லை, புகையான் பெருகி அழித்தது. 1980-களில் பழைய முறைக்கே திரும்ப விட்டபிறகுதான் தணிந்தது. எல்லோரும் ஒன்றாக நட்டு, ஒன்றாக அறுத்து, ஒன்றாகத் தரிசு விட்டால் பூச்சி பட்டினி கிடந்து சாகும் என்பதுதான் அதன் சூட்சுமம். நம் காரும் பிசானமும் இதே ஒழுங்கில் நடந்தவை. அணை திறந்து, குளம் பெருகி, மடை திறந்தால் ஒரு பத்து முழுவதும் ஒரே வாரத்தில் நடவு. இப்போது ஒரு பக்கம் போர்வெல், ஒரு பக்கம் வாழை, ஒருவர் நடும்போது இன்னொருவர் அறுக்கிறார். மடையில் ஒழுங்கு வந்தால் மருந்துச் செலவும் குறையும் என்று நான் சொல்வது இதனால்தான். விதையும் இதோடு சேர்ந்துதான் நிற்கும். உயரமான நாட்டு ரகத்துக்குத் தண்ணீர் காலத்தில் வர வேண்டும், காலத்தில் வடிய வேண்டும்.

சுபாக்கையும் யுனெஸ்கோ 2012-இல் பட்டியலில் சேர்த்தது. வயலில் ஓட்டல் கட்டும் ஆசை அதன்பிறகும் குறையவில்லை. மறுபடியும் நிலச் சட்டத்திடமே வந்து நிற்கிறோம்.

ஆகவே என் வரிசை இது. கையில் இருக்கும் பணத்தில் பெரும் பங்கு மடைக்கும் நீர்பாய்ச்சி சம்பளத்துக்கும். சிறு பங்கு விதைக்கு. பணம் வேண்டாத, உழைப்பு மட்டும் வேண்டிய இரண்டு வேலைகளை, அதாவது நீர்முறையை எழுதி வைப்பதையும் சட்டத்துக்கான கோரிக்கையையும், கூடவே நடத்த வேண்டும். குறியீட்டை அந்தந்தப் பயிர்க்காரர்களிடம் விடலாம். பட்டத்துக்கு இப்போது ஒரு ரூபாய்கூட வேண்டாம். எழுதி வைத்தது சேர்ந்து, பத்து இருபது குளத்துச் சங்கங்கள் உயிரோடு இயங்கினால் அந்த மனு தானே எழுந்து நிற்கும்.

கரிசல் பக்கத்துக்காரர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கம்பும் சோளமும் உளுந்தும் வானம் பார்த்து விளைபவை. அங்கே விதைதான் முதலில், அதோடு ஆட்டுக்கிடை. கீழக்கரிசல் ஆடு குறைந்துகொண்டே வருகிறது, அறுத்த புஞ்சையில் கிடை போட்டு உரம் சேர்ப்பதும் அதோடு குறைகிறது. இயற்கை வேளாண்மைக்காகப் பேசிய நம்மாழ்வார் 1960-களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, மானாவாரி விவசாயிக்கு உதவாத ஆராய்ச்சி எதற்கு என்று கேட்டு வெளியே வந்தவர். அந்தப் பக்கத்துக்குத் தனியாகவே எழுத வேண்டும்.

மடையில் இறங்க நினைக்கிற ஊர்கள் சில காரியங்களை முன்கூட்டியே பார்க்க வேண்டும். விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம் 2000-இல் இருந்தே இருக்கிறது, அதன்படி உங்கள் கால்வாய்க்கு நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் உண்டா என்று விசாரியுங்கள். இருந்தால் புதிதாக ஒன்று தொடங்காமல் அதற்குள்ளேயே வேலை செய்யுங்கள். மடையும் கரையும் நீர்வளத் துறையின் உடைமை. எழுத்தில் அனுமதி வாங்காமல் கொத்தனாரை இறக்க வேண்டாம். வேலைக்குக் காலம் சித்திரையும் வைகாசியும்தான். ஆனியில் காருக்கு அணை திறந்துவிட்டால் அடுத்த கோடை வரை மடையின் அடிக்கல்லைப் பார்க்க முடியாது. கூட்டம் போடும்போது பட்டாக்காரர்களோடு, குத்தகைக்கு உழுகிறவர்களையும் நாற்று நடும் பெண்களையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். எந்த வயலில் தண்ணீர் ஏறவில்லை என்பது பட்டாக்காரரை விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.